தபாலாபீசுக்குள் வந்த துப்பாக்கி

அத்தியாயம் ஏழு

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் வெர்னா ஸ்டோக்ஸ்.

ஆர்டித் கவுண்டருக்குப் பின்னாலிருந்து வாசலை எட்டிப் பார்த்தாள். டிரை ஃபோர்க் தபாலாபீசை இருபது வருடமாக ஒற்றை ஆளாய் நடத்துகிறவள் அவள். ஊரில் யாருக்கு என்ன கடிதம் வருகிறது என்று தெரியும். யாருக்கு ஒன்றுமே வருவதில்லை என்பதும் தெரியும். இரண்டையும் வெளியே சொல்லாதவள் என்று பேர் வாங்கியிருந்தாள். அதனால் குரல் இன்னும் தாழ்ந்தது.

"இடுப்புல துப்பாக்கியோட உள்ள வந்தான்னு சொன்னேன். ஓரின். அவனைப் பிடிச்சுட்டுப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வெள்ளிக்கிழமை. நான் யார்கிட்டயும் வாயத் திறக்கல வெர்னா. ஏற்கெனவே மாட்டிக்கிட்டு நிக்கறான். இதையும் சேத்து அவன் தலையில கட்டிடுவாங்க."

வெர்னா வாங்கிய தபால்தலைகளை எடுத்துக்கொள்ள மறந்தாள்.

வயோமிங் மாநிலத்தில் துப்பாக்கியை இடுப்பில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். மளிகைக் கடைக்கு, வங்கிக்கு, பல் டாக்டரிடம். தபாலாபீசுக்குள் மட்டும் கூடாது. அது மத்திய அரசின் கட்டடம், அதன் சட்டம் வேறு. கதவிலேயே ஒட்டியிருக்கிறது. ஓரின் கேஸ்டில் பதினோரு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கதவுக்கு வெளியே டிரக்கை நிறுத்துவார். பனி கொட்டினாலும் சரி, உறையோடு துப்பாக்கியைக் கழற்றி டிரக்குக்குள் வைத்துப் பூட்டுவார். உள்ளே வந்து ஒரே ஒரு வாரப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு போவார். வேறு எதுவும் அவருக்கு வந்ததில்லை.

"ரெண்டாவது வெள்ளிக்கிழமை அவனுக்குப் பின்னாலேயே ஷெரீஃபோட ஆள், டெபுடி பெக் நின்னான், பார்சல் வாங்க" என்றாள் ஆர்டித். "நல்ல வேளை, பெக் போன்ல எதையோ பார்த்துக்கிட்டிருந்தான். ஓரினுக்கு ஒரு உறுத்தலும் இல்ல. குளிர் விட்டுடுச்சான்னு என்னைக் கேட்டுட்டுப் போறான்."

வெர்னா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஜூன் மாதக் காலை. இன்னும் மூச்சில் புகை வந்தது. டிரக்கின்மேல் சாய்ந்தபடி மெர்ல் டக்கெட் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்து நாலு வருடம். அதற்கு முன்னால் இருபது வருடம் காளைச் சவாரி நடக்கும் ரோடியோ மைதானங்களில் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கத்தியவன். ஒலிபெருக்கி போய்விட்டது, வாய் நிற்கவில்லை.

ஆர்டித் சொன்னதை வெர்னா சொன்னாள். அறுபத்துநாலு வயசாச்சு, மறந்திருப்பாரு என்றான் மெர்ல். அவன் போன வாரம் கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினானாம்.

"டெபுடி பின்னால நிக்கும்போதா மறப்பாரு?"

"அப்ப துணிஞ்சுட்டாரு பாஸ்."

"துணிஞ்சவன் குளிரைப் பத்திக் கேக்கமாட்டான்." வெர்னா டிரக்கின் கதவைத் திறந்தாள். "அந்த ரிவால்வரை நீ தூக்கிப் பார்த்திருக்கியா?"

பார்த்திருந்தான். ஊரில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். மான்கொம்புப் பிடி போட்ட பெரிய ரிவால்வர், இடுப்பை ஒரு பக்கமாக இழுக்கும் எடை. ஓரின் நாற்காலியிலிருந்து எழுந்தால் முதல் காரியம் பெல்ட்டை இரண்டு கையாலும் மேலே தூக்கிவிட்டுக்கொள்வதுதான். டிரக்கிலிருந்து இறங்கும்போதெல்லாம் கதவில் இடிக்கும். இடித்தால்தான் கழற்றவேண்டும் என்ற ஞாபகம் வரும்.

"இடிக்கல" என்றாள் வெர்னா. "இழுக்கல. இடுப்புல எடையே இல்லாதப்ப எதை ஞாபகம் வெச்சுக் கழட்டுவாரு?"

மெர்ல் விதை கொறிப்பதை நிறுத்தினான்.

"அந்த உறையில இருந்தது துப்பாக்கி இல்லங்கறீங்க."

அவள் டிரக்கைக் கிளப்பினாள்.

போன புதன்கிழமை நடந்தது இதுதான். காலை எட்டு மணிக்குத் தீவனக் கடை முதலாளி டாய்ல் ரென்ஃப்ரோ, தன் கடையின் பின்னறையில் இடுப்புக்குக் கீழே பின்பக்கத்தில் குண்டு பாய்ந்து விழுந்தான். பின்கதவு வழியாக யாரோ சுட்டுவிட்டு ஓடினார்கள், முகம் பார்க்கவில்லை என்றான். தரையில் கிடந்தது ஓரினின் ரிவால்வர். ஊர் அறிந்த பொருள், அடையாளம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. அன்று காலை ஏழே முக்கால் வரை நாடீன் கடையில் ஓரின் வழக்கமான மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைக்கார நாடீனும் மேஜையில் இருந்த நாலு பேரும் டெபுடியிடம் ஒரே மாதிரி சொன்னார்கள்: துப்பாக்கி அவர் இடுப்பில் இருந்தது. அதன்பிறகு அவர் தனியாக இருபது மைல் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்தச் சாலையில் அவரைப் பார்க்க ஒரு மாடுகூட இல்லை.

ஓரின் சுட்டிருப்பார் என்பதற்குக் காரணமும் இருந்தது. குளிர்காலம் முழுக்க அந்த மேஜையில் ஒரே வாக்குவாதம். துப்பாக்கி வைத்திருக்கிறவன் அதை எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கவேண்டும், மறைத்து வைப்பவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை ஏமாற்றுகிறான் என்பது ஓரினின் கட்சி. தொங்கவிட்டுக்கொண்டு திரிவது விளம்பரம், மரியாதை தெரிந்தவன் சட்டைக்குள் வைப்பான் என்பது டாய்லின் கட்சி. நூலகத்துக்குள் யாரும் வெளியே தெரியும்படி துப்பாக்கி கொண்டுவரக்கூடாது என்று போர்டு மாட்டலாமா என்று வரப்போகும் ஊர்க்கூட்டத்தில் பேச இருந்தார்கள். பேச்சு முற்றி, பிப்ரவரியில் ஒருநாள் டாய்ல் தன் தட்டை எடுத்துக்கொண்டு மூலை மேஜைக்குப் போனான். சுவரில் முதுகு படும்படி உட்கார்ந்தான். அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

நாளை காலை பத்து மணிக்கு நீதிபதி முன்னால் விசாரணை. அதற்குள் எதுவும் கிடைக்காவிட்டால் ஓரினைப் பெரிய சிறைக்கு மாற்றிவிடுவார்கள், வழக்கு முடிய ஒரு வருடம் ஆகும். நான் சுடவில்லை என்பதைத் தவிர ஆறு நாளாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சார்பில் வாதாட அரசாங்கம் கொடுத்த வக்கீல் சலித்துப்போய், துப்பறிவதைத் தொழிலாகச் செய்யும் வெர்னாவை அமர்த்தியிருந்தார்.

*

சிறையில் ஓரினுக்கு ஆரஞ்சு நிற உடை கொடுத்திருந்தார்கள். பெல்ட் இல்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

வெர்னா தபாலாபீஸ் விஷயத்தைச் சொன்னாள். வேறு எதையும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. மெர்லை வாயைத் திறக்கக்கூடாது என்று வாசலிலேயே எச்சரித்துக் கூட்டிவந்திருந்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓரின், "ஆர்டித்துக்குக் கவனம் ஜாஸ்தி" என்றார்.

அதன்பிறகு மெல்ல மெல்ல வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் நாடீன் கடையில் சாப்பிட்டு முடித்துக் கழிவறைக்குப் போனார். பெல்ட்டை அவிழ்க்கவேண்டியிருந்ததால் துப்பாக்கியை மட்டும் உறையிலிருந்து உருவிக் கதவுக்குப் பின்னாலிருந்த கொக்கியில் மாட்டினார். வெளியே வந்து டிரக் வரை போய்விட்டார். இடுப்பு லேசாக இருக்கிறதே என்று திரும்பி ஓடினால் கொக்கி காலி. மேஜையில் எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். நாடீன் சமையல்கட்டில். யாரிடமும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? வெளியில் வைத்திருக்கிறவனுக்குத் தொலையாது, ஊரே அதற்குக் காவல் என்று வருடக்கணக்காகப் பேசிய வாய் அது.

வீட்டுக்குப் போய் ஒரு வால்நட் கட்டையை எடுத்துச் செதுக்கினார். அடுப்புக்குப் பூசும் கறுப்புச் சாயத்தைப் பூசினார். பழைய மான்கொம்புத் துண்டு ஒன்று கிடந்தது, அதைப் பிடியாக ஒட்டினார். மறுநாள் காலை அதோடு சாப்பிடப் போனார். ஷெரீஃபின் வண்டி முற்றத்தில் திரும்புவதைப் பார்த்ததும் அந்தக் கட்டையைக் கணப்பில் போட்டுவிட்டார். எரிந்து போயிற்று.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களை விட்டிருப்பாங்க" என்றாள் வெர்னா. "நாளைக்குச் சொல்லுங்க. வெளிய வந்துடலாம்."

"வெளிய வந்து எங்க போறது?"

அவள் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"என் சம்சாரம் மேபல் போனதுக்கப்பறம் நான் வாயத் திறக்கற இடம் அந்த ஒரு மேஜைதாம்மா. காலையில ஏழு மணியிலேருந்து ஏழே முக்கால் வரைக்கும். மீதி நேரம் வீட்டுல கடிகாரம் பேசும், நான் கேப்பேன்." அவர் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மரக்கட்டையை மாட்டிக்கிட்டு அவங்க முன்னால உக்காந்து துப்பாக்கியைப் பத்திப் பேசியிருக்கேன். அது தெரிஞ்சா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போவேன்? நீ கோர்ட்டுல சொன்னா நான் இல்லைன்னு சொல்லுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. கூடுதலாய் ஒரு கோப்பை காப்பி வேண்டாம் என்று சொல்வதுபோல் சொன்னார்.

எழுந்து வரும்போது வெர்னா ஒன்றே ஒன்று கேட்டாள். அன்றைக்குக் கொக்கியில் துப்பாக்கியை விட்டபோது கடைக்குள் வேறு யார் இருந்தார்கள்?

"யாரும் இல்ல. மூலையில டாய்ல் இருந்தான். அவன் எப்பவும் கடைசியாத்தான் கிளம்புவான். பேசறதுக்கு ஆள் இல்லாதவன் மெதுவாத்தானே சாப்பிடுவான்."

டிரக்கில் ஏறியதும் மெர்ல் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினான். சுடப்பட்டவனே துப்பாக்கியை எடுத்தவனாம், எடுத்தவனையே துப்பாக்கி சுட்டதாம், இந்த ஊரில் காளைமாடு ஆளை ஏறி ஓட்டினாலும் ஆச்சரியப்படமாட்டானாம். வெர்னா துப்பாக்கி வைத்திருக்கிறாளா இல்லையா என்று நாலு வருடமாகத் தனக்குத் தெரியாது, கேட்கவும் பயமாக இருக்கிறது என்றும் சொன்னான்.

"உன்கிட்ட?"

"எங்கிட்ட இருக்கற ஆயுதம் வாய் ஒண்ணுதான் பாஸ். அதை நான் மறைச்சதே இல்ல."

*

டாய்ல் ரென்ஃப்ரோவின் வீடு தீவனக் கடைக்குப் பின்னால். ஜன்னலோரக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். தலைமாட்டில் காலி சூப் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஊரில் ஒருவரும் ஒரு பாத்திரம் உணவுகூடக் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்பது அந்த டப்பாக்களைப் பார்த்தாலே தெரிந்தது. வாசல் மணி அடித்தபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சம், யார் என்று பார்த்ததும் போயிற்று. அதை வெர்னா கவனித்தாள். கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

அவன் முன்பு சொன்னதையே மறுபடி சொன்னான். பின்கதவு, சத்தம், ஓடும் காலடி. அந்த மூன்று வார்த்தைகளையும் எப்போதும் அதே வரிசையில் சொன்னான். மெர்ல் காயம் எப்படி என்று விசாரித்தான். இனிமேல் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பண்ண முடியாது, நின்று பண்ணினால் வியாபாரம் பெருகும் என்று ஆறுதல் சொன்னான். டாய்ல் சிரிக்கவில்லை.

வெர்னா ஜன்னல் வழியே பின்முற்றத்தைப் பார்த்தாள். கொடியில் ஒரே ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறம், பெரிய அளவு, தொடை வரை தொங்கும் நீளம்.

"அன்னைக்குப் போட்டிருந்த சட்டைதானே அது?"

ஆமாம் என்றான். ஆஸ்பத்திரியில் கால்சட்டையை வெட்டி எடுத்து ஷெரீஃபிடம் கொடுத்துவிட்டார்கள். சட்டையை மட்டும் அவனிடமே தந்துவிட்டார்கள், துவைத்தும் விளிம்பில் ரத்தக்கறை போகவில்லை.

"நீங்க சட்டையை உள்ள செருகினதை நான் பார்த்ததே இல்ல டாய்ல்."

அவன் கழுத்து அசையாமல் நின்றது. சட்டையை வெளியே விட்டுக்கொள்வது அவனுடைய வழக்கம் மட்டும் இல்லை, அவனுடைய கட்சியே அதுதான். உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது.

வெர்னா பின்கதவைத் திறந்து கொடிக்குப் போனாள். சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்தாள். மெர்ல் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்ன பாக்கறீங்க?"

"ஓட்டை."

"எங்க?"

"அதான் இல்லையே. பின்னாலேருந்து சுட்டா குண்டு முதல்ல இந்தச் சட்டையைத்தான் கிழிச்சிருக்கணும். கால்சட்டை கிழிஞ்சிருக்கு, சட்டை முழுசா இருக்கு. அப்ப சுட்டது சட்டைக்கு உள்ள இருந்து."

மெர்ல் ஒரு விதையை வாயில் போட்டான். "ஓட்டை இல்லாததை எந்தப் போலீஸ்காரன் சாட்சின்னு மூட்டை கட்டுவான்? அதான் துணியைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

உள்ளே வந்தபோது டாய்ல் முகத்தைத் தலையணைக்குள் திருப்பிக்கொண்டிருந்தான். வெர்னா கட்டில் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உங்கள் சின்னத் துப்பாக்கிக்கு உறை இருக்கிறது, அந்தப் பெரிய ரிவால்வருக்கு உறை இல்லாமல் அப்படியே சட்டைக்குள் பின்னிடுப்பில் செருகியிருப்பீர்கள், உருவும்போது விசையில் விரல் பட்டிருக்கும் என்றாள். தலையணைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"ஆறு நாள்ல இங்க வந்தது நீங்க ரெண்டு பேருதான்."

அவன் ஒத்துக்கொள்ளமாட்டான் என்று தெரிந்து வெர்னா எழுந்தாள்.

ஓரின்மேல் வழக்கு நடத்தும் அரசு வக்கீலுக்கு வெர்னா டிரக்கிலிருந்தே போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சட்டை நல்ல விஷயம்தான் என்றார். ஆனால் ஏழே முக்கால் மணிக்கு அந்த ரிவால்வர் ஓரின் இடுப்பில் இருந்தது என்று ஐந்து பேர் சொல்லியிருக்கிறார்கள், கால் மணி நேரத்தில் அது டாய்ல் சட்டைக்குள் எப்படிப் போகும்? அந்த ஐந்து பேரில் ஒருவராவது மாற்றிச் சொன்னால் வாருங்கள் என்று போனை வைத்துவிட்டார்.

*

நாடீன் தினமும் இரண்டு மணிக்குக் கதவில் அட்டையைத் திருப்பிப் போட்டுக் கடையை மூடிவிடுவாள். வெர்னாவைப் பார்த்ததும் கேட்காமலேயே காப்பி ஊற்றினாள். மெர்லுக்கு மிச்சமிருந்த, ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரத்தை வைத்தாள். அவன் வாயை அடைக்க ஊரில் எல்லோரும் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது.

ஜன்னலோரம் அந்தப் பெரிய மேஜை. ஐந்து நாற்காலிகள். ஒன்று மட்டும் உள்ளே தள்ளப்பட்டிருந்தது.

எப்படி ஆரம்பிப்பது என்று வெர்னா வழியெல்லாம் யோசித்திருந்தாள். உறையில் இருந்ததை அன்றைக்கு யாராவது பக்கத்திலிருந்து பார்த்தார்களா, வித்தியாசமாக எதாவது தெரிந்ததா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். ஓரின் சொன்னதை மட்டும் வெளியே விடவில்லை.

நாடீன் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"மரத்தைப் பத்திக் கேக்கறியா?" என்றாள்.

மெர்லின் கரண்டி பாதியில் நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் வெர்னா.

"ரெண்டாவது நாளே தெரியும். எல்லாருக்கும். உக்காரும்போது நாற்காலியில இடிச்சுது, டொக்குன்னு. இரும்பு அப்படிச் சத்தம் போடாது. எழுந்திருக்கறப்ப பெல்ட்டைத் தூக்கல. அவன் போனதுக்கப்பறம் பார்த்தா சீட்டுல கறுப்புச் சாயம். நான்தான் துடைச்சேன்."

அவர் போனதும் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை என்றாள். சிரிக்க வந்தது, முடியவில்லை. துப்பாக்கியை எங்கேயோ தொலைத்திருக்கிறான், சொல்ல வெட்கப்படுகிறான், நாம் கேட்டால் நாளையிலிருந்து வரமாட்டான் என்று நாலு பேரும் சேர்ந்து பேசினார்கள். அவர் சந்தேகப்படக்கூடாதே என்று முறை வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை ஒருவர், செவ்வாய்க்கிழமை ஒருவர். தினமும் ஒருவர் துப்பாக்கியைப் பற்றி எதையாவது கேட்டுவிடவேண்டும். குறி எப்படி இருக்கிறது, எண்ணெய் போட்டாயா, பிடி வழுக்குகிறதா. அவரும் பதில் சொல்வார்.

"புதன்கிழமை டெபுடி பெக் உள்ள வந்தான். என்ன ஏதுன்னு ஒண்ணும் சொல்லல. ஓரின் காலையில துப்பாக்கி மாட்டிட்டு வந்தானான்னு கேட்டான். நாங்க என்ன சொல்லுவோம்? மூணு வாரமாச் சொல்லிப் பழகினதைத்தான் சொன்னோம். மாட்டிட்டு வந்தான், எப்பவும் போலன்னு. அஞ்சு பேரும். எழுதிக்கிட்டுப் போயிட்டான். அரை மணி கழிச்சுத்தான் டாய்லைச் சுட்ட விஷயமே எங்களுக்கு வந்துச்சு."

"அப்பறமாவது போய்ச் சொல்லியிருக்கலாமே."

"அவனே சொல்லிடுவான்னு நினைச்சோம். உயிர் போற விஷயம், சொல்லாம இருப்பானா? அவன் என்னடான்னா வாயத் திறக்காம உக்காந்திருக்கான். அவன் சொல்லாதப்ப நாங்க எப்படிச் சொல்றது?"

இவர்களுக்குத் தெரியக்கூடாது என்று ஓரின் அங்கே சிறையில் உட்கார்ந்திருக்கிறார். தங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியக்கூடாது என்று இவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். வெர்னா எத்தனையோ வழக்குகளில் பொய்யைப் பிடித்திருக்கிறாள். பிடித்தபோது இத்தனை கஷ்டமாக எதுவும் இருந்ததில்லை.

அவள் பையிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அரசு வக்கீல் ஒத்துக்கொள்வார் என்றாள்.

"அவன் இதைப் படிப்பானா?"

"படிப்பாரு. அவருக்கு ஒரு பிரதி கொடுத்தாகணும். சட்டம்."

நாடீன் ஜன்னலோர மேஜையைப் பார்த்தாள். "நான் எழுதிக் கொடுத்தா அவன் வீட்டுக்கு வந்துடுவான். இங்க வரமாட்டான்."

"ஆமா" என்றாள் வெர்னா. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

நாடீன் துணியை மடித்து ஓரமாக வைத்தாள். கையைச் சமையல் ஏப்ரனில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். கையெழுத்துப் போடும்போது மட்டும் நின்றது, பிறகு போட்டாள்.

*

காலை பத்து மணிக்கு விசாரணையே நடக்கவில்லை. நாடீனின் தாளோடு அரசு வக்கீல் முந்தின நாள் மாலையே டாய்ல் வீட்டுக்குப் போயிருந்தார். தாளை அவன் முகத்தருகே பிடித்ததும் எல்லாம் வந்துவிட்டது. கொக்கியில் கண்டதை எடுத்து மறைத்து வைத்திருந்தானாம். ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சட்டைக்குள்ளிருந்து உருவிக் காட்டி, வெளியே தொங்கவிடுகிறவனின் லட்சணம் இதுதான் என்று சொல்லத் திட்டம். அதைப் பின்னறையில் தனியாக ஒத்திகை பார்த்தபோதுதான் வெடித்தது. எடுத்தது வெளியே தெரிந்துவிடுமே என்று யாரோ சுட்டதாகச் சொல்லிவிட்டானாம்.

ஓரின் தன் சொந்த உடையில் வந்தார். நாடீன் எழுதியதை நின்றுகொண்டே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ரிவால்வருக்குக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம் என்றான் டெபுடி பெக். இங்கேயே இருக்கட்டும் என்றார்.

டிரக்கில் மெர்ல் பின்னால் உட்கார்ந்து அவருக்கு முன்சீட்டை விட்டுக்கொடுத்தான். நாடீன் கடை வந்தது. வெளியே நாலு டிரக்குகள் வழக்கமான இடங்களில் நின்றன. பத்து மணிக்கு மேல் ஆகியும் யாரும் கிளம்பவில்லை. ஜன்னலில் தலைகள் தெரிந்தன. வெர்னா வேகத்தைக் குறைத்து அவரைப் பார்த்தாள். அவர் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை.

ஊர் முடிந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பும் பாதையும் வந்தது, போயிற்று. அங்கே திரும்பச் சொல்லி அவரும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் புல்வெளியும் வேலியும்தான். பதினைந்து மைல் போனபிறகு ஓரின் பேசினார்.

"பதினேழு நாள். பிடி வழுக்குதான்னு கேட்டான் ஒருத்தன். குளிருக்குக் கொஞ்சம் வழுக்கும்னு நான் சொன்னேன்."

மெர்லிடம் இதற்குப் பத்துப் பதில் இருந்திருக்கும். அவன் கண்ணாடி வழியே வேலிக்கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிரிச்சாங்களாமா?" என்று கேட்டார் ஓரின்.

"இல்ல" என்றாள் வெர்னா. "நாடீனே சொன்னாங்க. இல்ல."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

நாற்பது மைல் தாண்டி அடுத்த ஊர். நெடுஞ்சாலை ஓரம் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடை ஒன்று இருந்தது. அவர் கையைக் காட்டினார், அவள் நிறுத்தினாள். கதவை அவரே தள்ளினார். உள்ளே வறுபடும் பேக்கன் இறைச்சியின் வாசனையும் யாருக்கும் யாரையும் தெரியாத இரைச்சலும். வாசலில் மெனு அட்டைகளை அணைத்தபடி நின்ற பெண் அவர் இடுப்பைப் பார்க்கவில்லை, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"எத்தனை பேர்?"

வெர்னாவுக்குப் பழகிய கேள்வி. எந்த ஊரில், எந்தக் கடையில் கேட்டாலும் ஒற்றை விரலைக் காட்டிவிட்டு ஓரத்து மேஜைக்குப் போய்விடுவாள். ஓரினிடம் பதினோரு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை, கேட்கத் தேவையிருந்ததில்லை. மெர்ல் வாயைத் திறந்தான். வெர்னா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஓரின் திரும்பி அவளைப் பார்த்தார், பிறகு மெர்லை. எண்ணிச் சரிபார்ப்பதுபோல் பார்த்தார்.

"மூணு" என்றார்.